கம்பத்து உச்சியில் ஒரு கனெக்டர்

ஐம்பது அடி உயரத்தில், என் கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு சாமான் கெட்டுப்போனால் ஒரு குடும்பமே நாஷ்டா சாப்பிடாமல் அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் என்பதை வேறு வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். எங்கள் வீட்டில் அது மழைக்காலத்து வழக்கம். மற்ற வீடுகளில் கூரை ஒழுகும். எங்கள் வீட்டில் கூரையும் ஒழுகும், கனெக்டரும் ஒழுகும். கூரையை யாரும் அவ்வளவாகக் கண்டுகொண்டதில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் திருவள்ளூரை விட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்தோம். திருவள்ளூரில் அப்பாவின் குடும்பத்துக்குக் கோயிலில் மாலை கட்டும் கைங்கரியம். அண்ணன் தம்பிகள் நான்கு பேர், பெருமாள் ஒருவர். கடைசிப் பிள்ளையான அப்பாவின் கைக்கு வரும்போது பூ தீர்ந்துவிட்டது என்று அம்மா கேலி செய்வாள். கும்மிடிப்பூண்டியில் வயல்களுக்கு நடுவே தகரக் கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. இரும்புக் கம்பி உருட்டும் ஓர் ஆலையில், உலைக்குப் பக்கத்தில், அப்பாவுக்கு வேலை கிடைத்தது. வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். எந்த ஷிப்டிலிருந்து வந்தாலும் அப்பா முதலில் கிணற்றடியில் போய் உட்கார்ந்து, வாளியைத் தொடாமலே கொஞ்ச நேரம் இருப்பார். குளிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவர். அம்மா கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு தம்பியையும் கூட்டி வந்தாள். சீர்வரிசை ஒவ்வொன்றாகப் போய்விட்டது, மாமா இருந்தார். கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்துத்தான் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவார். வெளி உலகம் என்றால் அவருக்குக் கிணற்றடி வரைக்கும்தான்.

ஆனால் காலை ஏழு மணிக்கு மாமா பரோடாவுக்குப் போவார்.

அமெச்சூர் வானொலி என்று ஒன்று உண்டு. பாட்டும் செய்தியும் கேட்கிற வானொலி அல்ல. அரசாங்கத்திடம் தேர்வு எழுதி உரிமம் வாங்கி, வீட்டிலிருந்தே ஒலிபரப்பி, இதே பைத்தியம் பிடித்த இன்னொருவரோடு பேசுவது. மாமா அதைப் புத்தகம் படித்தே கற்றார். சென்னை மூர் மார்க்கெட்டில் குவிந்து கிடக்கும் பட்டாளத்துக் கழிவுச் சாமான்களிலிருந்து அப்பா பொறுக்கி வந்த வால்வுகளையும் பெட்டிகளையும் வைத்து அவரே கருவி செய்தார். தேர்வு நாளன்று ரயில் நிலையத்திலிருந்து தேர்வு நடந்த மாடி வரை அவரை முதுகில் சுமந்து போனவர் அப்பா. ஆலையில் கழித்துப் போட்ட ஆங்கிள் இரும்பைக் கேட்டு வாங்கி, கூட வேலை செய்த வெல்டரை ஞாயிற்றுக்கிழமையில் கெஞ்சிக் கூட்டி வந்து, வீட்டுக்குப் பின்னால், கிணற்றை ஒட்டி, ஐம்பது அடிக் கம்பத்தை நிறுத்தியவரும் அப்பாதான். அந்தக் கம்பம் நின்ற நாளில், எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் தன் வயலிலிருந்து வந்து வெகுநேரம் பார்த்தார். ஆந்திரா எல்லைப் பக்கத்து விவசாயி அவர்.

"இன்னா நைனா, இத்தினி ஒசரம் போட்டுக்கிற, கோழி குந்தறதுக்கா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா சிரித்தார். அப்போதெல்லாம் அப்பா சிரிப்பார்.

பரோடாவில் இருந்தவர் ஒரு ரயில்வே டாக்டர். அவரும் மாமாவும் தினமும் இங்கிலீஷில் பேசுவார்கள். நான் நான்காம் வகுப்பில் இருந்தேன், அவர்கள் பேசியதில் வானிலையும் 'குட் மார்னிங்'கும்தான் எனக்குப் பிடிபடும். இன்னொரு சொல்லும் அடிக்கடி வரும், ஃபோர்மேன். மாமா பரோடாக்காரரிடம் தான் ஓர் இரும்பு ஆலையில் ஃபோர்மேன் என்று சொல்லியிருந்தார். அப்பாவின் வேலையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதில் தனக்கு ஒரு பதவி உயர்வும் கொடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு இது தெரியும். சாயங்காலம் மாமா, "இன்னிக்கி இன்னா மாமா நடந்துச்சி?" என்று கேட்பார். அக்காள் புருஷன் என்பதால் அப்பா அவருக்கு மாமா. அப்பா உலையில் ஏதோ அடைத்துக்கொண்டதையோ, கம்பி நெளிந்து ஓடியதையோ சொல்வார். மறுநாள் காலை அது பரோடா போய்ச் சேர்ந்துவிடும். ஒருமுறை அந்த டாக்டர் சென்னை வருவதாகவும் நேரில் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். ஆலையில் லீவு கிடைக்காது என்று மாமா பதில் சொன்னார். அந்தப் பக்கம் இருந்த யாருக்கும் மாமாவின் கால்களைப் பற்றித் தெரியாது.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் மாமாவின் மேஜையிலிருந்து ஒரு தடித்த கறுப்பு கேபிள் கம்பத்தின் மேல்வரை ஏறி, உச்சியில் ஏரியலோடு சேரவேண்டும். சேரும் இடத்தில்தான் அந்தக் கனெக்டர். கேபிளுக்கு நடுவே ஒரு செப்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளையாக மெழுகு மாதிரி ஓர் உறை, அதற்கு மேல் செப்பு நூலில் பின்னிய வலை, எல்லாவற்றுக்கும் மேல் கறுப்புத் தோல். நடுக்கம்பியும் வலையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்தால் தொட்டுவிட்ட மாதிரிதான். மாமாவின் மேஜையில் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. அனுப்பியது போய்ச் சேராமல் திரும்பி வந்தால் அதன் முள் வலப்பக்கம் சாயும். முள் சாய்ந்தால் யாராவது ஏறவேண்டும். யாராவது என்றால் அப்பா.

அந்த வருஷம் ஐப்பசி முடிவதற்குள் முள் இரண்டு முறை சாய்ந்தது. முதல் தடவை அப்பா முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். அம்மாவின் பழைய நூல் புடவையை முறுக்கி இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கம்பத்தில் சுற்றிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. இரண்டாவது தடவை இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில் ஏறினார். பாதி உயரத்தில் நின்றுவிட்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நெற்றியைக் கம்பத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா கீழேயிருந்து கூப்பிடப் பயந்து, வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கிக் கருகுகிற வாசனை வந்தது. பிறகு அப்பா மெதுவாக மேலே போய், வேலையை முடித்துவிட்டு, மெதுவாக இறங்கினார். தலை சுற்றியது என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அம்மா தம்பியின் எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. அவளுக்குத் தம்பி மேல் உயிர். "தம்பி, இதான் கடசி. இன்னொரு தபா அவரு ஏற மாட்டாரு. எனுக்கு ஊட்டுக்காரரும் வோணும், நீயும் வோணும்" என்றாள்.

மாமாவே ஓர் ஒப்பந்தம் போட்டார். இப்போது மாட்டியிருப்பது அவசரத்தில் போட்டது, நிற்காது. ஒரே ஒரு தடவை, தன் கையால் நன்றாகச் செய்து கொடுக்கிறேன், அப்பா ஏறி மாட்டட்டும். அதற்கப்புறம் தன் ஈயப்பற்று விட்டுப்போனால், "நானே ஆள வெச்சி கம்பத்த எறக்கிடறேங்கா" என்றார். சுவரில் சாய்ந்திருந்த அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை மாமா மிச்சம் வைத்திருந்த புதுக் கேபிள் சுருளை எடுத்து வைத்துக்கொண்டு, தன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். அதில் மூன்று கனெக்டர்கள் இருந்தன. ஒன்றின் உள்ளே பழுப்பு நிறத்தில் பேக்லைட்டு என்கிற கெட்டிப் பிளாஸ்டிக், அதில் முடி அளவுக்கு ஒரு விரிசல். உடனே ஒதுக்கிவிட்டார். இரண்டாவது புத்தம் புதிது, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. மூன்றாவது கறுத்துப்போய், யாரோ அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. நான் பளபளப்பைக் காட்டினேன். மாமா அதன் மேல் ஈயத்தை வைத்துச் சூடுகாட்டினார். ஈயம் பிடிக்காமல் முத்துப்போல உருண்டு கீழே விழுந்தது. பிறகு கறுத்ததை எலுமிச்சைத் தோலால் தேய்த்தார். உள்ளே வெள்ளி முலாம். பட்டாளத்து விமானத்திலிருந்து கழற்றியது, நடுவிலிருந்த வெள்ளை வட்டம் எந்தச் சூட்டிலும் உருகாது. ஆறு வருஷமாக எதற்கோ என்று எடுத்து வைத்திருந்தாராம். எதற்கு என்பது அன்று தெரிந்துவிட்டது.

அவர் அதைச் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திருகு வளையத்தை முதலில் கேபிளில் கோத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் எல்லாவற்றையும் முடித்த பிறகு வளையம் மட்டும் மேஜை மேல் உட்கார்ந்து பல்லிளிக்கும், அப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. பிறகு கறுப்புத் தோலைச் சீவி, வலையை ஒரு நூல்கூட அறுபடாமல் மடக்கி, உள்ளே திருகினார். கரி அடுப்பில் பழுத்த சூட்டுக்கோலை எடுத்து, கனெக்டரின் நான்கு ஓட்டைகளிலும் ஈயத்தை ஓடவிட்டார். சூடு குறைந்தால் ஈயம் ஒட்டியதுபோல நடிக்கும், அதிகமானால் கேபிளின் வெள்ளை உறை உருகி நடுக்கம்பி சாய்ந்துவிடும். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். கால்களில் இல்லாத பலமெல்லாம் விரல்களுக்கு வந்துவிட்டது என்று அம்மா சொல்வது சரிதான் என்று தோன்றியது.

கடைசியில் கனெக்டரின் பின்புறம், கேபிள் நுழைகிற இடத்தில், துணி டேப்பைச் சுற்றினார். கீழேயிருந்து மேலே சுற்றினார். கூரை வேய்கிறவர்கள் கீழ் வரிசையை முதலில் போட்டு, மேல் வரிசையை அதன்மேல் படியவைப்பார்கள் இல்லையா, அப்போதுதானே மழை வழிந்தோடும் என்றார். நான் தலையாட்டினேன். என் கவனம் வேறிடத்தில் இருந்தது.

அந்த வேறிடத்தைச் சொல்லவேண்டும். திருவள்ளூர்க் கோயிலில் உடம்புக்கு முடியாதவர்கள் உப்பும் மிளகும் போடுவார்கள். அமாவாசைக்கு அமாவாசை அம்மா அங்கே போய் மாமாவின் கால்களுக்காக உப்பும் மிளகும் போட்டுவிட்டு, ஒரு சிட்டிகையை மட்டும் தனியே முடிந்து கொண்டுவருவாள். அதை மஞ்சள் துணியில் வைத்து மாமாவின் முழங்காலில் கட்டுவது எங்கள் வீட்டுப் பழக்கம். வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. மாமா அக்காவின் மனசுக்காகக் காலை நீட்டிக்கொண்டிருப்பார். கால் குணமாகவில்லைதான். ஆனால் மோசமாகவும் ஆகவில்லை என்பது அம்மாவின் கணக்கு. அந்தக் கணக்கு எனக்கும் போதுமானதாக இருந்தது.

அப்பா இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்த பிறகுதான் ஏறவேண்டும். மாமா சாப்பிடப் போனார். கேபிளின் முனை ஜன்னலுக்குக் கீழே, ஒரு கிழிந்த துண்டின் மேல், கைக்குழந்தை மாதிரி படுத்துக் கிடந்தது. இந்தச் சாமானுக்கு மறுபடி நோய் வந்தால் அப்பா பாதிக் கம்பத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார், இல்லையென்றால் மாமாவுக்குப் பரோடா இல்லை. இரண்டில் எதுவும் நடக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சாமி அலமாரியில் அம்மா முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தேன். டேப்பைப் பிரித்து, கேபிள் நுழைகிற இடத்தில் நாலைந்து உப்புக்கல்லையும் ஒரு மிளகையும் வைத்துத் திரும்பச் சுற்றினேன். கனெக்டரைப் பிடித்துக்கொண்டு சுற்றுவதுதான் கைக்கு வசதியாக இருந்தது. அதனால் மேலேயிருந்து கீழே சுற்றினேன். மிளகு இருந்த இடம் லேசாகப் புடைத்திருந்தது. அதை விரலால் அழுத்திவிட்டு, பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, சாப்பிடப் போனேன். அன்று ரசம்கூட நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு அப்பா எழுந்து, முகம் கழுவி, புடவையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். நிற்கவில்லை. உச்சியில் பழைய கேபிளைக் கழற்றிவிட்டு, மாமா செய்த கனெக்டரைத் திருகி, மேல் மூட்டுக்கு மட்டும் சைக்கிள் டியூபில் வெட்டிய நாடாவைச் சுற்றிவிட்டு இறங்கினார். மீட்டரின் முள் இடது மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. மறுநாள் காலை பரோடா டாக்டரின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலக் கேட்டது. "ஜோரா கீது மாமா" என்று மாமா அப்பாவிடம் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் பலிக்காது என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பதினெட்டு நாள் நன்றாக இருந்தது. பிறகு கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, வயலும் ரோடும் ஒன்றாகி, அப்பா வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன மழை. மூன்றாம் நாள் முள் கொஞ்சம் அசைந்தது. மாமா அதைப் பார்க்காததுபோல இருந்தார். ஐந்தாம் நாள் பரோடாக்காரர் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசினார். ஏழாம் நாள் முள் வலது மூலையில் சாய்ந்து, எவ்வளவு தட்டியும் எழவில்லை.

மாமா யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் காலை ஏழு மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பேசுகிறவர்போல உட்கார்ந்திருந்தார். அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

மழை விட்ட ஒரு காலையில் அப்பா ஏறினார். மாட்டுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறதா, ஏரியல் கம்பி அறுந்திருக்கிறதா, இல்லை ஈயம்தான் விட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ளாமல் மாமாவால் முடிவுக்கு வர முடியாது. ஏரியல் அறுந்திருந்தால் அது காற்றின் குற்றம், ஒப்பந்தத்தில் சேராது. மாமாவைக் கிணற்றடிக்குத் தூக்கி வந்து உட்காரவைத்திருந்தார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று நாளைக்கு முன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏதோ சொல்லும்போது, உப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பையும் செம்பையும் அரிக்கும் என்று சொல்லியிருந்தார்.

அப்பா உச்சியில் டேப்பைப் பிரித்தார். பச்சையாக என்னவோ அவர் விரலில் ஒட்டியதைக் கீழேயிருந்தே பார்த்தேன். அவர் கையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார், நேராக என் பக்கம். அதற்கப்புறம் எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கனெக்டரைத் திருகிக் கழற்றி, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து அதற்குக் கீழே கேபிளை அறுத்தார். கனெக்டரோடு அறுபட்ட முனை அவர் கையிலிருந்து நழுவியது. நழுவியதா, விட்டாரா தெரியாது. கிணற்றுக்குள் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

இறங்கி வந்ததும் மாமா, "இன்னா மாமா?" என்றார்.

"ஈயம் உட்டுப்பூடுச்சிடா" என்றார் அப்பா. "கைதவறி கெணத்துல உழுந்துட்டுது."

மாமா கிணற்றைப் பார்த்தார். அப்புறம் தன் கைகளைப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒருவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "நாலு ஓட்டையிலயும் நல்லாத்தான ஓடுச்சி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "செரி, எறக்கிடலாம் மாமா" என்றார்.

அன்று நான் வாயைத் திறந்து நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது அவருடைய ஈயப்பற்று இல்லை, நான் வைத்த உப்பு. ஒப்பந்தம் செல்லாது. அவருக்கு இன்னொரு தடவை கிடைத்திருக்கும். நான் சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

அன்று சாயங்காலம் துவைக்கப் போட்டிருந்த அப்பாவின் சட்டைப் பையைத் துழாவினேன். ஊறிப்போய், பச்சை பூத்த ஒரு மிளகு இருந்தது. ஆக அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லி, சாட்சியையும் கிணற்றில் போட்டிருக்கிறார். அந்த மிளகைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எந்த அப்பா இப்படிச் செய்வார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஆலையிலிருந்து நாலு பேர் வந்து கம்பத்தை இறக்கினார்கள். வீட்டுக்காரர் அதில் பாதியைக் கேட்டு வாங்கிப் போய்ப் பீர்க்கங்கொடி படரவிட்டார். மாமா கருவிகளைத் துணி போட்டு மூடினார். பிறகு அக்கம்பக்கத்து வானொலிப் பெட்டி, இஸ்திரிப் பெட்டி எது வந்தாலும் ரிப்பேர் பார்த்துக் கொடுத்தார். ஆனால் ஈயம் வைக்கிற இடம் வந்தால் மட்டும் ஒரு கணம் தயங்குவார், வைத்த பிறகு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தை மாதத்தில் பரோடாவிலிருந்து ஒரு கார்டு வந்தது. பல நாளாக உங்கள் குரலைக் கேட்க முடியவில்லை, வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டதா, புதிய இடத்தில் ஃபோர்மேன் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். மாமா அதைப் படித்துவிட்டு, அந்தப் பளபளத்த கனெக்டர் இருந்த பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடினார். அவர் பதில் எழுதவில்லை. சாகும்வரை அவரிடம் நானும் சொல்லவில்லை.

அம்மாவும் மாமாவும் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். எழுந்து நடக்க முடியாது. அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான்தான். எனக்கும் அறுபது ஆகிறது, மூட்டு வலி வேறு. போன மாதம் ஒருநாள் அவருக்கு ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் கொடுத்தபோது பேச்சு எப்படியோ மாமாவிடம் போயிற்று. இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்த மிளகை வைத்தது நான்தான் என்று தெரிந்தும் அன்னிக்கு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாயேப்பா என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயா வெச்ச? உங்கம்மா வெச்சான்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

அன்று உச்சியிலிருந்து அவர் பார்த்தது என்னையில்லை. எனக்குப் பின்னால், சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"அப்ப அம்மாவ காப்பாத்தவா பொய் சொன்ன?" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "யாரயும் இல்லம்மா. நெசத்த சொன்னா இன்னொரு தபா ஏற சொல்லுவான். என்னால முடியல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வருத்தப்பட்டுச் சொன்னதாகவும் தெரியவில்லை. முதுகில் சுமந்துபோய்த் தேர்வு எழுதவைத்த மச்சானை, தன் கையே கெட்டுவிட்டது என்று வாழ்நாள் முழுவதும் நினைக்கவிட்டவர் இவர். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். ஐம்பது வருஷத்து நன்றியைத் தூக்கிக்கொண்டு எந்த விலாசத்துக்குப் போவது என்று திகைப்பாவது வந்திருக்கவேண்டும். இரண்டும் வரவில்லை. அவர் வாயைத் துடைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பத்து வயதில் எனக்குப் பயம் தெரியும், பாசம் தெரியும், பொய் என்றால் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான் சொல்வார்கள் என்றும் தெரியும். கிணற்றடியில் வாளியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவரை மட்டும் தெரியாது.

சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் தெரு முனையில் ஆலை பஸ் வந்து நிற்கும். ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்களைப் பார்ப்பது அப்பாவுக்குப் பிடிக்கும். வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலியோடு அவரை அந்தப் படிகளில் இறக்கி, திரும்ப ஏற்றவேண்டும். அன்றும் கேட்டார், "கொஞ்சம் வெளிய இட்டுக்கினு போறியாம்மா?"

"சக்கரம் இன்னும் ரிப்பேராத்தான் கீதுப்பா, ஆளு வரல" என்றேன். அப்போது மூன்று வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "செரி, போவட்டும்" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.